ஆவி பறக்கும் ஆறு

ஜனவரியில் வடகிழக்குச் சீனா போகிறேன் என்றதும் எல்லோரும் "பனிச் சிற்பத் திருவிழா நடக்கும் ஹார்பினா?" என்றுதான் கேட்டார்கள். இல்லை, ஜிலின். மாகாணத் தலைநகர் சாங்சுன்னிலிருந்து அதிவேக ரயிலில் முக்கால் மணி நேரம். மாகாணத்துக்கும் நகரத்துக்கும் ஒரே பெயர். மஞ்சு மொழியில் 'கிரின் உலா', அதாவது ஆற்றோரம் என்பதிலிருந்து வந்த பெயராம்.

மைனஸ் 23 டிகிரி. கண்ணிமை மயிரில் பனி கட்டுகிறது. ஆனால் ஊரை வளைத்துக்கொண்டு போகும் சோங்ஹுவா ஆறு மட்டும் உறையவில்லை. இட்லிப் பானையைத் திறந்த மாதிரி ஆவி பறக்கிறது, நடுவில் வாத்துகள் நீந்துகின்றன!

காரணம், மேலே இருக்கும் ஃபெங்மான் அணை. 1937இல் ஜப்பானியர் பிடியில் இருந்தபோது கட்டத் தொடங்கியது. கட்டாய வேலையில் செத்த சீனர்கள் ஏராளம். அணைக்குப் பின்னால் உள்ள ஏரியின் மேற்பரப்பு பாறையாக உறைந்தாலும், அடியில் தண்ணீர் 4 டிகிரி வரை இருக்கும். டர்பைன் வழியாக வருவது அந்த ஆழத்துத் தண்ணீர்தான். அதனால் பல கிலோமீட்டருக்கு ஆறு உறையாமலே ஓடுகிறது. கிளம்பும் ஆவி கரையோர வில்லோ கிளைகளில் பட்ட இடத்திலேயே ஊசி ஊசியாக உறைந்து ஒட்டிக்கொள்கிறது. இதற்குப் பெயர் வூசோங்.

1976 மார்ச் 8 அன்று ஊருக்கருகே வானத்திலிருந்து விழுந்த 1,770 கிலோ கல்லை அருங்காட்சியகத்தில் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, மாலையில் வூசோங் தீவுக்குப் போனேன். தங்கியது ஒரு கிராமத்து வீட்டில். படுக்கை 'காங்', செங்கல் மேடை. சமையல் அடுப்பின் புகை அதன் அடி வழியாகத்தான் வெளியே போகிறது. முதுகு தோசைக்கல்லில் கிடந்தது, மூக்கு நுனியோ சில்லிட்டிருந்தது.

மறுநாள் ஐந்தரைக்கே எழுந்து ஓடினேன். காற்று வீசியது. மரங்கள் மொட்டையாக நின்றன. காற்று அடங்கினால்தான் வூசோங் பிடிக்குமாம். வீட்டுக்கார அம்மா சிரித்தபடி கிண்ணத்தில் ஒரு கருப்பு உருண்டையைக் கொண்டுவந்து வைத்தார். உறைந்த பேரிக்காய். குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்தால் பழத்தைச் சுற்றிக் கண்ணாடி ஓடு மாதிரி ஐஸ் கட்டுகிறது. உள்ளே பழம் இளகிவிடுகிறது. ஓட்டைத் தட்டி உடைத்து, தோலைக் கடித்துச் சாற்றை உறிஞ்ச வேண்டும். தேன் மாதிரி இருந்தது. இரண்டு தின்றேன்.

சரி, இன்னொரு நாள் பார்ப்போம் என்று தங்கிவிட்டேன். அன்றிரவு காற்றே இல்லை. காலையில் கதவைத் திறந்தால் ஊரே வெள்ளை. பனி பெய்து மூடிய வெள்ளை இல்லை. ஒவ்வொரு சுள்ளியும் தனித்தனியாகப் பூத்தது போன்ற வெள்ளை. விரலால் தொட்டேன், சத்தமே இல்லாமல் நொறுங்கியது. நாலாவது படத்தில் போன் குளிரில் அணைந்துவிட்டது.

இரவில் மூடுபனியைப் பார், காலையில் தொங்குவதைப் பார், உச்சி நெருங்கும்போது பூ உதிர்வதைப் பார் என்பது அங்கே ஒரு சொலவடை. அந்த மூன்றாவதையும் பார்க்கலாமே என்று பத்தரை மணி வரை மரத்தடியில் நின்றேன். வெயில் ஏறியது. முதல் கொத்து நேராக என் காலருக்குள் விழுந்தது.