சிக் ரிப்போர்ட்

பட்டாளத்தில் நான் துப்பாக்கி தூக்கியதைவிட ஃபைல் தூக்கியதுதான் அதிகம். காலாட்படை பட்டாலியனில் கிளார்க். ஹவில்தாராக ஓய்வு பெற்று குன்னூருக்கு வந்த பிறகும் ஃபைல் என்னை விடவில்லை. பக்கத்திலேயே வெலிங்டன், மெட்ராஸ் ரெஜிமெண்டின் சென்டர். கேத்தி, கோத்தகிரி, மஞ்சூர் என்று எந்தப் பக்கம் போனாலும் தெருவுக்கு ஒரு பட்டாளத்துக்காரர் இருப்பார். பென்சன் பேப்பர் என்றால் "கிளார்க் அண்ணனைப் போய்ப் பாருங்க" என்று அனுப்பி விடுகிறார்கள். நவம்பர் வந்தால் உயிர்ச்சான்று வேலை. மற்ற மாதங்களில் வருகிறவர்களில் பாதிப்பேர் உடம்பு கெட்டுப்போனவர்கள்.

உடம்பு கெட்டது என்றதும் சினிமாவில் வருவதுபோல கால் போனவர், கை போனவர் என்று நினைத்துவிடக் கூடாது. அப்படிப்பட்டவர்களுக்கு என் உதவி பெரும்பாலும் தேவைப்படாது. அடிபட்ட அன்றைக்கே ரிப்போர்ட் போயிருக்கும், ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கும், மெடிக்கல் போர்டு ஊனம் எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும். மஞ்சூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவர் சியாச்சினில் பனிக்கடியில் இடது கால் விரல்கள் மூன்றை இழந்தவர். பனியில் கறுத்துப்போன விரலை உடனே வெட்டமாட்டார்கள். செத்த சதை எது, பிழைக்கிற சதை எது என்று பிரிந்து தெரியும்வரை வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். தன் விரல் காய்ந்த மிளகாய் மாதிரி ஆவதைக் கட்டிலில் படுத்துக்கொண்டு பார்த்ததாகச் சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தக் கால் இப்போதும் குளிர் தாங்காது. பனிக்கடி பட்ட இடம் ஆயுசுக்கும் அப்படித்தான். டிசம்பர், ஜனவரியில் தேயிலைக் கொழுந்து பனியில் கருகுகிற ஊரில் அவர் இரண்டு ஜோடி கம்பளி சாக்ஸ் போட்டுக்கொண்டு அடுப்படியை விட்டு நகரமாட்டார். ஆனால் ஃபைல் பக்கா. பென்சன் ஒரு மாதம்கூட நின்றதில்லை.

கஷ்டமெல்லாம் ரத்தம் வராத நோய்களில்தான். அதற்குக் காரணம் எங்கே தொடங்குகிறது என்பது கிளார்க் வேலை பார்த்தவனுக்கு நன்றாகத் தெரியும்.

யூனிட்டில் உடம்புக்கு முடியவில்லை என்றால் காலையில் சிக் ரிப்போர்ட்டில் பேர் கொடுத்து எம்ஐ ரூம், அதாவது யூனிட்டின் வைத்திய அறைக்குப் போக வேண்டும். டாக்டர் பார்த்து 'அட்டென்ட் சி' போட்டால் அன்றைக்கு வேலை இல்லை. அடிக்கடி பேர் கொடுப்பவனுக்கு 'காம்சோர்' என்று பட்டம் கட்டிவிடுவார்கள். வேலைத் திருடன். அதைவிடப் பெரிய பயம் கேட்டகரி, அதாவது மருத்துவத் தரம். ஷேப் ஒன் என்றால் முழு ஆரோக்கியம். அதிலிருந்து இறங்கினால் புரமோஷன் சிக்கலாகும், ஐ.நா. படைக்குப் போகிற லிஸ்டில் பேர் வராது. ஊரில் தங்கச்சி கல்யாணக் கடன், தம்பி படிப்பு என்று இருப்பவன் என்ன செய்வான்? நர்சிங் அசிஸ்டென்டை ஓரமாகக் கூப்பிட்டு நாலு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்பான். புத்தகத்தில் எதுவும் ஏறாது. நல்ல சிப்பாய் என்று எல்லோரும் மெச்சுகிறவன்தான் பெரும்பாலும் இப்படி மறைக்கிறவன்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு கன்னர் இருக்கிறார். 1999இல் கார்கிலில் போஃபர்ஸ் பீரங்கியில் இருந்தவர். அந்தப் போரில் நம் பீரங்கிப் படை சுட்ட குண்டுகளும் ராக்கெட்டுகளும் சேர்ந்து சுமார் 2,50,000 என்பார்கள். டைகர் ஹில்லைப் பிடித்த ஜூலை 4ஐ எல்லோரும் கொண்டாடுகிறோம். கீழே இருந்து அந்தச் சிகரத்தை இடித்துக்கொண்டே இருந்தவர்களின் காது என்ன ஆனது என்று யாரும் யோசிப்பதில்லை. இவர் காதில் வைத்திருந்தது பஞ்சு. முதலில் ராத்திரி பூரா சுட்டால் விடியும்வரை காதில் குயீ என்று விசில் அடிக்குமாம், அப்புறம் அடங்கிவிடுமாம். பிறகு ஒரு நாள் அடங்கவே இல்லை. இன்றைக்கும் அடிக்கிறது. ராத்திரி ஊர் அடங்கினால் இவர் காதுக்குள் இன்னும் பெரிதாகக் கேட்கும், தூக்கம் வராது.

சர்வீஸ் முடிந்து வெளியே வரும்போது எல்லோருக்கும் மெடிக்கல் போர்டு உண்டு. காதைப் பார்க்க டாக்டர் 6 மீட்டர் தள்ளி நின்று கிசுகிசுப்பார், இவர் திருப்பிச் சொல்ல வேண்டும். சர்வீஸ் முழுக்க இந்தப் பரீட்சையில் ஊகித்து ஊகித்தே தேறியவர் கடைசி போர்டில் மட்டும் தேற முடியவில்லை. போர்டு போட்ட சதவீதம் 20க்குக் கீழே. "பட்டாளப் பணியால் வந்ததல்ல" என்று ஒரு வரியும் சேர்ந்து வந்தது. காரணம், அதற்கு முன்னால் காதுக்காக ஒரு தடவைகூட அவர் சிக் ரிப்போர்ட் போனதாகப் பதிவு இல்லை.

இந்த 20 என்பது சின்ன எண் இல்லை. சர்வீஸ் முடித்து வருகிறவருக்கு ஊனப் பென்சனின் வாசல் அதுதான். 19 என்றால் பூஜ்யம். 20 என்று போட்டு, பணியால் வந்தது என்றும் ஒத்துக்கொண்டால், அதை 50 ஆக உயர்த்திக் கணக்கிடுவார்கள். 20இலிருந்து 50க்குள் எதுவானாலும் 50, 50 முதல் 75 வரை 75, அதற்கும் மேல் 100 என்பது இவர் காலத்து விதி. 100 சதவீதத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் ஊனத்தொகை. போர்க்காயமென்றால் அது இரட்டிப்பு, 60 சதவீதம். ஒரு பாயிண்ட் கூடக் குறைய இருப்பதில் ஒரு குடும்பத்தின் மாதச் சாமான் அடங்கியிருக்கிறது.

பணத்தை விடுங்கள். அவருக்கு மலைச்சரிவில் கொஞ்சம் தேயிலை இருக்கிறது. காட்டெருமை வராத தோட்டம் நீலகிரியில் ஏது? செடிக்குள் எருமை நின்றால் கண்ணுக்கு முன்னால் காதுக்குத்தான் தெரியும். சருகு மிதிபடும் சத்தம், புஸ்ஸென்று ஒரு மூச்சு. இவருக்கு இரண்டும் கேட்காது. அதனால் அவர் கொழுந்து பறிக்கப் போனால் வீட்டுக்காரம்மாவும் கூடவே போகிறார். எருமையைப் பார்த்தால் கூப்பிட்டுப் பிரயோஜனம் இல்லை, கல்லை எடுத்து அவர் முதுகில் எறிவார். "அண்ணா, இவர் முதுகுல நான் எறிஞ்ச கல்லு பாகிஸ்தான்காரன் போட்ட குண்டைவிட ஜாஸ்தி" என்று என்னிடம் சொன்னார். நான் சிரித்தேன். கன்னர் வாயசைவைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்.

2013இல் உச்ச நீதிமன்றம் தரம்வீர் சிங் வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. சேரும்போது நோய் எதுவும் எழுதப்படவில்லை என்றால், பின்னால் வந்த நோய் பணியால் வந்தது என்றே கொள்ள வேண்டும், இல்லை என்பதை நிரூபிப்பது அரசின் பொறுப்பு. எங்களைப் போன்ற பேப்பர் வேலைக்காரர்களுக்கு அது பெரிய பிடி. ஆனாலும் முதல் அப்பீல்களில் வரும் பதிலைப் பார்த்தால் தீர்ப்பைப் படித்தவர் எழுதியதாகத் தெரியாது. "பணியுடன் தொடர்பில்லை" என்ற அதே வரி, தேதி மட்டும் வேறு. போலிக் கேஸ்கள் வருவதும் உண்மைதான், ஒன்றிரண்டை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதற்காகப் பீரங்கிக்காரனின் காதைச் சந்தேகப்படுவதா?

சென்டரில் பயிற்சி முடித்த அக்னிவீர் பையன்கள் சிலர் பேக்கரியில் என்னைக் கண்டால் பேச்சுக் கொடுப்பார்கள். 4 வருஷச் சர்வீஸ், பென்சன் கிடையாது. பணியால் ஊனமானால் ஒரே தடவை ஒரு தொகை, 50 சதவீதத்துக்கு 15 லட்சம், 75க்கு 25 லட்சம், 100க்கு 44 லட்சம். அதற்கும் கையில் சீட்டு வேண்டும். கால் பிசகினாலும் காது அடைத்தாலும் எம்ஐ ரூம் போய்ப் புத்தகத்தில் எழுத வையுங்கள், யார் என்ன பட்டம் கொடுத்தாலும் சரி என்கிறேன். தலையை ஆட்டுகிறார்கள். 4 வருஷம் முடிந்ததும் மிஞ்சிப்போனால் நாலில் ஒருவருக்குத்தான் நிரந்தர வேலை. அந்த ஒருவனாக இருக்க ஆசைப்படுகிறவன் எங்கே சிக் ரிப்போர்ட் போவான்?

கன்னரின் ஃபைலுக்கு வருவோம். காதுக்குச் சீட்டு இல்லை, சரி. பீரங்கிப் பக்கத்தில் இருந்தார் என்பதற்காவது சீட்டு வேண்டுமே. டிஸ்சார்ஜ் புக்கைப் புரட்டினால் மெடல் வரிசையில் கார்கில் போருக்கான ஆபரேஷன் விஜய் ஸ்டார் இருக்கிறது, டிரேடு என்ற இடத்தில் கன்னர் என்று இருக்கிறது. இந்த இரண்டு வரிகளையும் தரம்வீர் சிங் தீர்ப்பையும், கோயம்புத்தூரில் புதிதாக எடுத்த ஆடியோகிராம் என்ற காது சோதனைச் சீட்டையும் வைத்து இரண்டாவது அப்பீல் போட்டிருக்கிறோம். அதுவும் திரும்பி வந்தால் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம்தான். மேட்டுப்பாளையம் இறங்கி நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடிக்க வேண்டும். வக்கீலிடம் போனில் பேச அவரால் முடியாது, கோர்ட்டில் நீதிபதி கேட்பதும் அவர் காதில் விழாது. ஆகவே நானும் போகிறேன். டிக்கெட் காசு நான்தான் கொடுப்பேன் என்று வீட்டுக்காரம்மா ஒற்றைக்காலில் நிற்கிறார். அதை எப்படி மறுப்பது என்றுதான் இப்போதைக்கு யோசனை.