கோடு மேலே போனால் மலையா? பத்தாம் தரத்து வரைபுப் பாடக் குறிப்புகள்

ஜூன் 16, 2025, திங்கள்

பத்தாம் தரத்துக்கு நேர்கோட்டு வரைபு தொடங்கினேன். அட்டவணை போட்டு, ஆள்கூறு குறித்து, அடிமட்டம் வைத்துக் கோடு இழுக்கப் பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரிகிறது. இழுத்த கோடு என்ன சொல்கிறது என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிவிடுகிறது.

பலகையில் ஒரு வரைபு வரைந்தேன். கிடையச்சில் நேரம், நிலைக்குத்து அச்சில் வீட்டிலிருந்து ஒரு பிள்ளை இருக்கும் தூரம். கோடு சாய்வாக ஏறி, கொஞ்சம் மட்டமாகப் போய், இன்னும் கூடிய சாய்வோடு ஏறி, கடைசியில் கீழே வருகிறது. இந்தப் பிள்ளை என்ன செய்தது என்று கேட்டேன்.

"மலை ஏறுது டீச்சர். அப்புறம் மட்ட ரோட்டு. பிறகு பெரிய ஏத்தம். கடைசியா இறக்கம்."

ஏறக்குறைய எல்லாரும் இதையே சொன்னார்கள். வரைபைப் படமாகப் பார்ப்பது எந்த ஊர்ப் பிள்ளைகளிடமும் உள்ளதுதான். ஆனால் லயத்திலிருந்து, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து, தேயிலை மலை வழியாக ஏறி இறங்கிப் பள்ளிக்கூடம் வருகிற பிள்ளைகளுக்கு அந்தக் கோடு அவர்கள் தினமும் நடக்கிற பாதை போலவே இருக்கிறது. அதை வாயால் சொல்லி மாற்ற முடியாது.

ஜூன் 17, செவ்வாய்

மழை விட்டிருந்த நேரம் பார்த்து வகுப்பை வெளியே கூட்டிப்போனேன். எங்கள் பள்ளிக்கூடம் மேட்டில் இருக்கிறது. வகுப்பு வாசலிலிருந்து படிகள் நேராக ரோட்டுக்கு இறங்கும். ஒரு மகள் ஒரே வேகத்தில் படியிறங்க வேண்டும், ஒரு தம்பி கைக்கடிகாரம் பார்த்து ஐந்து விநாடிக்கு ஒருமுறை குரல் கொடுக்க வேண்டும், இன்னொருவர் அந்த நேரத்துக்கு எத்தனையாவது படி என்று எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை.

வகுப்புக்குத் திரும்பி வந்து வரைபுத்தாளில் குறித்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு சத்தம்: "டீச்சர், அவ கீழ போறா, கோடு மேல போவுது!"

இதற்காகத்தான் படிக்குக் கூட்டிப்போனேன். வாசலிலிருந்து தூரம் கூடுகிறது, அதனால் கோடு ஏறுகிறது. அவள் நடுவில் நின்று செருப்பைச் சரிசெய்த இடத்தில் கோடு மட்டமாக இருந்தது. அதை நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

இன்று கொழுந்து நிறுவை, அதாவது பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துச் சம்பளம் போடுகிற கணக்கு.

பயிற்சிகளில் y = 2x + 3 என்று கொடுத்துப் படித்திறன் கேட்பார்கள். 2 என்று எழுதினால் முழுப் புள்ளி. இரண்டு என்ன என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. ஒன்று கூடினால் மற்றது எவ்வளவு கூடும் என்பதுதானே படித்திறன்?

கிடையச்சில் பறித்த கிலோ, நிலைக்குத்து அச்சில் அன்றைய சம்பளம். 2024 செப்டெம்பர் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1350 ரூபாய். நோம், அதாவது முழு நாட்சம்பளத்துக்குப் பறிக்க வேண்டிய கிலோ, தோட்டத்துக்குத் தோட்டம் மாறும் என்பதால் கணக்குக்கு 18 கிலோ என்று வைத்தோம். மேலதிகக் கிலோவுக்கு 50 ரூபாய்.

18 வரைக்கும் 1350இல் மட்டமாக ஒரு கோடு போட்டான் ஒருவன். பக்கத்திலிருந்த மகள் உடனே மறுத்தாள்: "நோம் எடுக்காட்டி அரைப்பேர்தானே!" அரைப்பேர் என்றால் பாதி நாட்சம்பளம். சரி, 18க்குக் கீழே 675இல் மட்டம். 18இல் ஒரே தாவலில் 1350. அதற்குப் பிறகு கிலோவுக்கு 50 வீதம் ஏறும் நேர்கோடு. 26 கிலோவுக்கு எவ்வளவு? 1750. கோட்டிலும் அதே இடம். ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசுக்கு, அதாவது நாட்சம்பளம் இல்லாமல் பறித்த கிலோவுக்கு மட்டும் கிடைக்கும் காசுக்கு, தனியாக ஒரு கோடு வரைந்தோம். அதையும் கிலோவுக்கு 50 என்று வைத்ததால் உற்பத்திப் புள்ளியிலிருந்து (0, 0) கிளம்புகிறது, சாய்வு அதே 50. இரண்டும் சமாந்தரம் என்று அவர்களே கண்டுபிடித்தார்கள்.

அப்புறம் வந்த கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "சாக்குக்கும் தண்ணிக்கும் ரெண்டு கிலோ கழிக்கிறாங்களே டீச்சர், அது எங்க வரும்?"

வரைந்து பார்த்தோம். முழு வரைபும் இரண்டு கிலோ வலப்பக்கம் நகர்கிறது, சாய்வு மாறவில்லை. 26 கிலோ பறித்தவருக்கு 100 ரூபாய் குறைகிறது. 19 கிலோ பறித்தவரைப் பார்க்கச் சொன்னேன். கழிக்காவிட்டால் 1400. கழித்தால் 17 கிலோ, அரைப்பேர், 675. போனது 725 ரூபாய். குறைவாகப் பறித்தவருக்குத்தான் பெரிய அடி. மணி அடித்த பிறகும் யாரும் கொப்பியை மூடவில்லை. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் இது அவர்களுடைய அம்மாமாருக்கு நடக்கிறது. கணக்குப் பாடம் அதைக் காட்டத்தான் வேண்டும்.

ஜூன் 24, செவ்வாய்

உயரமும் வெப்பநிலையும். கடல் மட்டத்தில் கொழும்பு, சராசரி ஏறத்தாழ 27 பாகை. 1868 மீற்றரில் நுவரெலியா, ஏறத்தாழ 16. இரண்டு புள்ளியையும் இணைத்தால் 1000 மீற்றருக்குச் சுமார் 6 பாகை குறைகிறது. இன்று மலை ஏற ஏறக் கோடு இறங்கியது. போன வாரம் கூச்சலிட்ட பின்வரிசை இந்த முறை அமைதியாக எழுதிக்கொண்டிருந்தது.

ஹட்டனுக்கு ஏறத்தாழ 1270 மீற்றர். கோட்டில் வாசித்தால் பத்தொன்பதரைப் பாகை. பீதுருதாலகால உச்சி 2524 மீற்றர், கோட்டை நீட்டினால் 12. கோடு நிலைக்குத்து அச்சை வெட்டும் இடம், அதாவது வெட்டுத்துண்டு, 27 என்றால் என்ன என்று கேட்டேன். "கொழும்பு வெக்கை" என்றாள் ஒரு மகள். முழுப் புள்ளி கொடுத்தேன்.

ஜூன் 27, வெள்ளி

அச்சுகளுக்குப் பெயரிடாத ஒரு வரைபைக் கொடுத்து, மட்டமான துண்டு என்ன சொல்கிறது என்று எழுதச் சொன்னேன். பாதிப் பேருக்கு மேல் விடை எழுதாமல் கையை உயர்த்தினார்கள்: "அச்சுல என்னன்னு சொல்லுங்க டீச்சர், அப்புறம் எழுதுறோம்." இந்த இரண்டு வாரத்தில் எனக்கு மிகப் பிடித்த பதில் இதுதான்.

சிலர் இன்னும் "மட்ட ரோட்டு" என்றே எழுதியிருக்கிறார்கள். திங்கட்கிழமை அவர்களோடு மறுபடி படியிறங்க வேண்டும். இந்த முறை ஒருவர் இறங்க, இன்னொருவர் கீழேயிருந்து ஏறி வரட்டும். இரண்டு கோடுகள் வெட்டும் புள்ளியையும் அங்கேயே தொடங்கிவிடலாம்.