லினக்ஸுக்குள் ஒரு விண்டோஸ் 7: அச்சகத்தில் செய்த ஏற்பாடு

கும்பகோணத்தில் சின்னதாக ஓர் அச்சகம் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பில் புத்தகம் என்று வேலை ஓடும். கடையில் இருப்பது ஆறாம் தலைமுறை கோர் ஐ5 கம்ப்யூட்டர், 8 ஜிபி ராம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இந்த மெஷின் தகுதிப் பட்டியலிலேயே வராது. நன்றாக ஓடுகிற மெஷினைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுவது என்று முடிவு செய்தேன்.

இடித்தது பேஜ்மேக்கர், நாங்கள் பக்கம் வடிவமைக்கும் விண்டோஸ் மென்பொருள். அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். இன்னும் ஏன் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்பவர்கள் ஒருமுறை கும்பாபிஷேகப் பத்திரிகை அடித்துப் பார்க்க வேண்டும். 12 வருஷத்துக்கு ஒருமுறை என்பது மரபு. கோயில்காரர்கள் வந்து, "போன தடவை அடிச்ச மாதிரியே இருக்கட்டும், உபயதாரர் பேர் மட்டும் மாத்துங்க" என்பார்கள். அந்தப் பழைய ஃபைல் பேஜ்மேக்கரில்தான் இருக்கிறது, அதுவும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில். லிப்ரே ஆபீஸ் டிரா இந்த ஃபைல்களைத் திறக்கிறது. ஆனால் பத்தி நகர்ந்து, வரி உடைந்துதான் எனக்குக் கிடைத்தது. மந்திரமும் யாகசாலை நிகழ்ச்சி நிரலும் நிறைந்த பக்கத்தை அப்படி வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

முதலில் டூயல் பூட், அதாவது ஒரே மெஷினில் விண்டோஸையும் லினக்ஸையும் வைத்து, ஆன் செய்யும்போது ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறை. மன்னார்குடியிலிருந்து அக்கா மகன் வந்து உட்கார்ந்தான். விண்டோஸ் 10-இல் டிஸ்க் மேனேஜ்மென்ட் வழியாக சி டிரைவைச் சுருக்கி இடம் ஒதுக்கினோம். "மாமா, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைச்சுடுங்க. இல்லேன்னா விண்டோஸ் முழுசா மூடாது, அந்தப் பார்ட்டிஷன்ல லினக்ஸ் எழுத முடியாது" என்றான். இதை யாரும் விட்டுவிடக் கூடாது. விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வதும் அப்படித்தான்.

அடுத்தது கடிகாரம். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் நேரம் ஐந்தரை மணி பின்னால் நின்றது. மதர்போர்டு கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் எடுத்துக்கொள்வதால் வரும் வித்தியாசம் இது. லினக்ஸ் டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் கட்டளையால் உள்ளூர் நேரத்துக்கு மாற்றினோம். சரியாகிவிட்டது.

டூயல் பூட்டில் பேஜ்மேக்கர் வேகமாகத்தான் ஓடியது. ஆனால் எங்கள் வேலையின் ஓட்டம் வேறு. வாட்ஸ்அப்பில் திருத்தம் வரும், மாப்பிள்ளை வீட்டுப் பெரியப்பாவின் பேரில் ஒரு ஒற்று விட்டுப்போயிருக்கும். அதற்காக எல்லாவற்றையும் மூடி, ரீஸ்டார்ட் செய்து, திருத்தி, பிடிஎஃப் எடுத்து, மறுபடி ரீஸ்டார்ட் செய்து அனுப்ப வேண்டும். அனுப்பி முடிப்பதற்குள் அடுத்த திருத்தம் வந்துவிடும். தை முகூர்த்த நேரத்தில் இது கட்டுப்படியாகாது. இரண்டு பக்கமும் வேலை கலந்து வருகிறதா, தனித்தனியாக வருகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வேகம் அப்புறம்.

அதனால் விர்ச்சுவல்பாக்ஸுக்கு மாறினேன். லினக்ஸுக்குள்ளேயே ஒரு ஜன்னலில் இன்னொரு கம்ப்யூட்டரை, அதாவது விர்ச்சுவல் மெஷினை, ஓடவிடும் மென்பொருள் அது. மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில், இதற்குத் தேவையான இன்டெல் விர்ச்சுவலைசேஷன் அணைந்திருந்தது, அதை ஆன் செய்தோம். பழைய மெஷினுக்காகப் பெட்டியோடு தனியாக வாங்கிய விண்டோஸ் 7 தகடு என்னிடம் இருந்தது. கம்ப்யூட்டரோடு ஒட்டி வரும் லைசென்ஸ் அந்த மெஷினுக்கு மட்டும்தான், விர்ச்சுவல் மெஷினுக்கு அதை எடுக்கக் கூடாது. இரண்டு ஜிபி ராம் கொடுத்தேன், பேஜ்மேக்கருக்கு அது தாராளம். விர்ச்சுவல் டிஸ்க்கைத் தேவைக்கேற்ப வளரும் வகையில் வைத்தேன்.

விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலேயே ஆதரவு நின்றுவிட்டது, அதை இணையத்தில் விடுவது ஆபத்து. விர்ச்சுவல் மெஷின் என்பதால் நெட்வொர்க் அடாப்டரையே கழற்றிவிட முடிந்தது. கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற விர்ச்சுவல்பாக்ஸின் துணை மென்பொருளை உள்ளே நிறுவிவிட்டால், நெட்வொர்க் இல்லாமலேயே இரண்டு பக்கமும் தெரியும் ஷேர்டு ஃபோல்டர் வேலை செய்கிறது. அதில் ஒரே ஒரு ஃபோல்டரை மட்டும் திறந்து வைத்திருக்கிறேன். பேஜ்மேக்கரில் திருத்தி, டிஸ்டில்லரில் பிடிஎஃப் எடுத்து அங்கே போட்டால் லினக்ஸில் உடனே தெரிகிறது. எழுத்துரு பிடிஎஃப்புக்குள்ளேயே பதிந்துவிடுவதால் லினக்ஸில் அந்த எழுத்துரு இருக்க வேண்டியதில்லை. அங்கிருந்தே வாட்ஸ்அப்பில் புரூஃப் அனுப்பலாம், பிரின்டரிலும் எடுக்கலாம். விசைகள் அப்படியே உள்ளே போவதால் பழைய தமிழ் டைப்ரைட்டர் முறையில் அடிக்கிற எங்கள் ஆபரேட்டருக்குக் கையில் ஒரு மாற்றமும் இல்லை. அவர் பழகிய விதத்தை மாற்றச் சொல்லாமல் இதை முடித்ததில் எனக்கு ரொம்ப நிம்மதி.

மதியம் கரண்ட் போனால் முன்பு யுபிஎஸ் கத்தும்போது அவசர அவசரமாக எல்லாவற்றையும் சேவ் செய்வோம். இப்போது விர்ச்சுவல் மெஷினின் நிலையைச் சேமிக்கச் சொல்லி மூடினால் போதும், கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து எழுந்திருக்கிறது. விர்ச்சுவல் மெஷினின் அந்த நேரத்து நிலையைப் பதிந்து வைக்கும் ஸ்னாப்ஷாட்டை எடுத்துவிட்டால் பேக்கப் ஆகிவிட்டது என்று நினைக்காதீர்கள். அது அதே டிஸ்க்கில்தான் இருக்கும். நான் விர்ச்சுவல் மெஷினை மூடிவிட்டு அதன் ஃபோல்டரை முழுசாக வெளி ஹார்டு டிஸ்க்குக்கு நகல் எடுத்துவிடுகிறேன். விண்டோஸ், பேஜ்மேக்கர், எழுத்துரு எல்லாம் அதற்குள் இருப்பதால், நாளைக்கு இந்தக் கம்ப்யூட்டர் படுத்தாலும் வேறொன்றில் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டுத் திறந்துகொள்ளலாம்.

டூயல் பூட்டை அழிக்கவில்லை. ஃபிளெக்ஸ் பேனருக்குக் கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளில் பெரிய படங்களோடு வேலை வந்தால் விர்ச்சுவல் மெஷின் திணறுகிறது, கிராஃபிக்ஸ் கார்டின் முழு பலமும் உள்ளே போய்ச் சேர்வதில்லை. அந்த வேலை வரும் நாளில் மட்டும் விண்டோஸ் 10-ஐப் பூட் செய்கிறேன், நெட் கேபிளை உருவிவிட்டு.