ரோபோவின் பாராமுகம்

வரவேற்பறையில் நிற்கும் ரோபோ வாயால் யாரையும் புண்படுத்தாது. அது பேசும் ஒவ்வொரு வாக்கியத்தையும் பலர் படித்துச் சரிபார்த்திருப்பார்கள். கழுத்தை அப்படி யாரும் சரிபார்ப்பதில்லை. யார் பக்கம் திரும்புகிறது, எவ்வளவு நேரம் பார்க்கிறது, யாருக்குத் தலையாட்டுகிறது, யாரிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதையெல்லாம் சென்சார்களும் சில எண்களும்தான் முடிவு செய்கின்றன. பாரபட்சம் நுழைவது அந்த வழியாகத்தான்.

முகத்தைப் பின்தொடரும் நிரலை எடுத்துக்கொள்வோம். கேமரா எடுக்கும் ஒவ்வொரு ஃபிரேமிலும் 'இது முகம்தான்' என்பதற்கு ஒரு மதிப்பெண் வரும். அது 0.6க்குக் கீழே போனால் எதிரே ஆள் இல்லை என்று வைத்திருப்பார்கள். பேசுபவருக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். கறுத்த முகம் அந்தப் படத்தில் நிழலோடு நிழலாகிவிடும்; மதிப்பெண் 0.6ஐச் சுற்றி ஏறி இறங்கும். முகம் தொலைந்ததும் ரோபோ தேட ஆரம்பித்து வேறு பக்கம் திரும்பும். ரோபோவின் செயல் பதிவேட்டில் (லாக்) அது ஒரு வரி. பேசிக்கொண்டிருப்பவருக்கோ, பாதிப் பேச்சில் முகத்தைத் திருப்பிக்கொண்ட அவமதிப்பு.

இது கற்பனைக் கவலை அல்ல. 2018இல் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரு ஆய்வாளர்கள் சந்தையிலிருந்த முகப் பகுப்பாய்வு மென்பொருள்களைச் சோதித்தார்கள். பாலினம் கணிப்பதில் கறுத்த நிறப் பெண்களிடம் பிழை 34.7 சதவீதம் வரை போனது. வெளிர் நிற ஆண்களிடம் 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை.

முகம் தொலைந்தாலும் 2 வினாடி தலையை அசைக்காமல் வைத்திருந்தால் பாதிப் பிரச்சினை அடங்கிவிடும். அதற்குள் தோள்களின் இடத்தையும் குரல் வரும் திசையையும் துணைக்குச் சேர்க்கலாம். கேமராவின் வெளிச்சத்தை முழுப் படத்துக்கும் கணக்கிடாமல், ஆள் நிற்கும் பகுதிக்கு மட்டும் கணக்கிடச் சொல்ல வேண்டும்.

ஆனால் குரலை மட்டும் நம்பிவிடக் கூடாது. மைக்குகளுக்கு உரத்த குரல்தான் முதலில் கேட்கும். சத்தமாகப் பேசுபவர் பக்கமே தலை ஒட்டிக்கொள்ளும். இதன் விளைவு சின்னதல்ல: ஹோண்டாவின் மனித வடிவ ரோபோவான ஆசிமோவை இருவருக்குக் கதை சொல்ல வைத்த 2006ஆம் ஆண்டு ஆய்வில், பார்வை அதிகம் கிடைத்தவர்களுக்கே கதை நன்றாக நினைவிருந்தது. மௌனத்துக்கான எண்ணும் அப்படித்தான். 700 மில்லிவினாடி அமைதியாக இருந்தால் பேச்சு முடிந்தது என்று வைத்தால், திக்கிப் பேசுபவரிடமும் யோசித்துப் பேசுபவரிடமும் ரோபோ குறுக்கே விழும்.

காலடி உயரத்தில் பொருத்திய லைடார் (லேசர் ஒளியால் தூரம் அளக்கும் சென்சார்), மனிதரை இரண்டு கால்களின் சிறு வளைவுகளாகத் தேடும். நீளமான அங்கியோ பாவாடையோ ஒரே திரளாகத் தெரியும். சக்கர நாற்காலியில் அந்த வளைவுகளே தெரியாமல் போகலாம். ஆளை மேசை என்று நினைத்து, உரசுகிற அளவுக்கு நெருங்கிப் போகும். விலகி நிற்கும் தூரத்துக்குப் பலர் எடுத்தாள்வது 1966இல் மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் எழுதிய கணக்கை: 45 செ.மீ. வரை மிக நெருக்கமான தூரம், அங்கிருந்து 1.2 மீட்டர் வரை தனிப்பட்ட தூரம். அவர் கவனித்தது பெரும்பாலும் அமெரிக்காவின் வடகிழக்குக் கடற்கரை நடுத்தர வர்க்கத்தாரை. அதை மனித குலத்துக்கே பொதுவான எண்ணாக வைப்பது தவறு. பாலினத்தைக் கணித்துத் தூரத்தையும் சைகையையும் மாற்றும் வசதி இருந்தால் நீக்கிவிடுவதே நல்லது.

சோதிப்பது கடினமில்லை. இருவரை ரோபோவிலிருந்து 1.5 மீட்டரில், இருபுறமும் 30 பாகையில் உட்கார வைத்து, ஒரே வசனத்தை மாறி மாறிப் படிக்கச் சொல்ல வேண்டும். கழுத்துக் கோணத்தை வினாடிக்கு 10 முறை பதிந்து, யாருக்கு எத்தனை வினாடி பார்வை, எத்தனை தலையசைப்பு, திரும்ப எவ்வளவு தாமதம் என்று எண்ண வேண்டும். பிறகு இருக்கையை மாற்றி மறுபடியும். பலர் விட்டுவிடுவது இந்த இரண்டாம் சுற்றைத்தான். அது இல்லாமல் குறை ஆளைப் பொறுத்ததா, ஜன்னல் பக்கத்தைப் பொறுத்ததா என்று சொல்லவே முடியாது. பார்வையைச் சரிபாதியாகப் பிரிக்கக் கட்டாயப்படுத்தினால் தலை மின்விசிறி போல இருபுறமும் ஆடும். ஒவ்வொரு பேச்சு முடியும் இடத்திலும் குறைவாகப் பார்க்கப்பட்டவருக்கு முன்னுரிமை கொடுத்தால் இயல்பாக இருக்கும். மென்பொருள் மாறும்போதெல்லாம் முழுச் சோதனையையும் திரும்பச் செய்தாக வேண்டும்; 0.6ஐ 0.7 ஆக்கினாலே பார்வைப் பங்கு இடம் மாறிவிடும்.