அரை அறை குறைந்த கோயில்

கிழக்குச் சீனாவின் நான்ஜிங் நகரில், மெட்ரோவின் கடைசி நிலையத்தில் இறங்கி டாக்சி பிடித்தேன். ஜியாங்சு மாகாணம் முடிந்து அன்ஹுய் தொடங்கியதுமே ஊஜியாங் வந்துவிட்டது. ஹெசியான் வட்டத்தில், யாங்சே ஆற்றை ஒட்டிய சிற்றூர். பழங்காலப் படைத்தலைவன் சியாங் யூ செத்த ஊர் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் இங்கே வந்தேன்.

கி.மு. 202. சீனாவின் முதல் பேரரசான சின் பேரரசைச் சாய்த்த சியாங் யூ, பின்னர் ஹான் பேரரசை நிறுவிய லியூ பாங்கிடம் கைஷியா போரில் தோற்றுவிட்டான். நள்ளிரவில் முற்றுகையை உடைத்துக்கொண்டு கிளம்பியபோது கூட வந்தவர்கள் 800 குதிரை வீரர்கள். ஹுவாய் ஆற்றைத் தாண்டும்போது நூற்றுச் சொச்சம். அதன்பின் 28. இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தபோது, உள்ளூர் அதிகாரி ஒருவர் ஓடத்தோடு காத்திருந்தார். "அக்கரையில் உங்களுக்கு நாடு இருக்கிறது, ஏறுங்கள்" என்றார்.

சியாங் யூ சிரித்தான். அக்கரையிலிருந்து 8,000 இளைஞர்களைக் கூட்டி வந்தேன், ஒருவன்கூடத் திரும்பவில்லை, அவர்களைப் பெற்றவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று கேட்டான். ஐந்தாண்டு ஏறிய குதிரையைக் கொல்ல மனம் வராமல் அந்த அதிகாரியிடமே கொடுத்தான். தரையில் நின்று போரிட்டு, எதிர்ப்படையில் தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்ததும், "என் தலைக்கு ஆயிரம் பொன்னாமே, நீ பெற்றுக்கொள்" என்று சொல்லித் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டான். முப்பது வயதுதான். உடலுக்காக அடித்துக்கொண்டே பல பேர் செத்தார்கள். துண்டு கிடைத்த ஐவருக்கும் பிரபு பட்டம் கிடைத்தது.

லியூ பாங் அந்த உடலைத் தொலைவில், இன்றைய ஷான்டோங்கில், மரியாதையோடு புதைத்தான். ஊஜியாங்கில் சிறு குன்றின் மேல் இருப்பது உடையும் தலைப்பாகையும் வைத்த சமாதி என்கிறார்கள். கல் கட்டிய மண்மேடு, சுற்றிலும் மரங்கள். முன்னால் கோயில். பண்பாட்டுப் புரட்சியில் இடிபட்டு, 1980களில் மீண்டும் எழுந்தது. பழைய கோயிலுக்கு 99½ அறைகளாம். பேரரசன் என்றால் நூறு. இவன் பேரரசன் ஆகவில்லை. அதனால் அரை அறை குறைவு. ஊர் வழக்குதான், ஆனாலும் எனக்கு அந்தக் கணக்கு பிடித்துப்போனது. ஏனென்றால், நூறாண்டு கழித்து வரலாறு எழுதிய சீமா சியென், இவன் கதையைப் பேரரசர்கள் வரிசையிலேயே வைத்தார். ஊர் குறைத்த அரை அறையை அவர் எழுத்தில் கொடுத்துவிட்டார்.

ஓடத்தில் ஏறியிருக்கலாமா? 9ஆம் நூற்றாண்டில் இங்கே கவிதை எழுதிய து மூ, அவமானத்தைப் பொறுத்திருந்தால் மறுபடி படை திரட்டியிருக்கலாம் என்றார். 11ஆம் நூற்றாண்டில் அமைச்சரும் கவிஞருமான வாங் அன்ஷி, யார் வந்திருப்பார்கள் என்று திருப்பிக் கேட்டார். வடநாட்டைப் பறிகொடுத்து சோங் அரசவை யாங்சேக்குத் தெற்கே ஓடிய காலத்தில், லி சிங்ஜாவ் என்ற பெண் கவி இருபதே சீன எழுத்துகளில், ஆற்றைக் கடக்க மறுத்தவனை நினைத்துக்கொண்டார். ஓடிய அரசவைக்கு அது சுட்டிருக்கும்.

எனக்கு அவன் மறுத்தது சரியென்றே படுகிறது. ஆனால் சிலையின் முன் கைகூப்ப மனம் வரவில்லை. சரணடைந்த சின் வீரர்கள் இரண்டு லட்சம் பேரை ஷின்ஆனில் கொன்று புதைத்தவனும் இவனே. 8,000 பேரைப் பெற்றவர்களுக்கு நாணியவன், அந்த இரண்டு லட்சம் வீடுகளை நினைக்கவே இல்லையா? மண்மேட்டைச் சுற்றி வரும்போதெல்லாம் இதுதான் உறுத்தியது.

மதியம் வட்டத் தலைநகருக்குப் போனேன். 824 முதல் 826 வரை இங்கே ஆளுநராக இருந்த கவிஞர் லியூ யூசியின் எளிய குடில் என்று ஒரு வளாகம் இருக்கிறது. அவர் பெயரில் வழங்கும் குடில் வாசகம் மொத்தம் 81 எழுத்துதான். மலைக்குப் பெருமை உயரத்தால் அல்ல என்று தொடங்கும். 1980இல் இதே வட்டத்தின் குகை ஒன்றில் ஹோமோ எரெக்டஸ் என்ற ஆதிமனித இனத்தின் மண்டையோடும் கிடைத்திருக்கிறது. அதற்கெல்லாம் இன்னொரு நாள் வேண்டும்.

மாலையில் ஆற்றங்கரைக்குப் போனேன். யாங்சே இங்கே வடகிழக்காகத் திரும்புகிறது. அதனால்தான் சியாங் யூ மறுத்த அக்கரையை 'ஆற்றின் கிழக்கு' என்கிறார்கள். சரக்குக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. திரும்பும்போது 2013இல் திறந்த பாலத்தின் வழியாகச் சில நிமிடங்களில் அக்கரை சேர்ந்தோம். அங்கே உள்ள நகரம் மாஆன்ஷான். சேண மலை என்று பொருள். ஓடத்தில் ஏற்றி விடப்பட்ட குதிரை, எசமானைக் காணாமல் ஆற்றில் பாய்ந்ததாம். சேணம் மட்டும் கரையில் விழுந்து மலையானதாம். டாக்சி ஓட்டுநர் சொல்லிக்கொண்டே வந்தார். நான் பின்பக்கக் கண்ணாடி வழியாக இக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.