வடிகட்டியில் போன துகள்கள்

கொந்தளிப்பான ஓட்டத்தில் துகள்கள் எவ்வளவு தூரம் சிதறுகின்றன என்று காட்டும் எங்கள் வரைபடம் ஏறக்குறைய முடிந்திருந்த நேரத்தில்தான், என்னோடு வேலை செய்த இளையவரிடமிருந்து அந்தக் கேள்வி வந்தது. "கோடு இந்த இடத்தில் வளைவது டெய்லர் சொன்ன காரணத்தாலா, நாம் வைத்த வடிகட்டியாலா?"

கொந்தளிப்பில் விடப்பட்ட துகள்களின் சராசரி இருமடி இடப்பெயர்ச்சி (அவை நகர்ந்த தூரத்தின் வர்க்கத்தின் சராசரி) முதலில் காலத்தின் வர்க்கத்தை ஒட்டி வளரும். துகள் தன் பழைய வேகத்தை மறந்தபின் காலத்துக்கு நேர்விகிதத்தில்தான் வளரும். இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர் 1921-இல் காட்டியது இது. எங்கள் கோடும் அப்படியே வளைந்ததால் நான் மேற்கொண்டு எதையும் தோண்டவில்லை.

அந்த வடிகட்டியை வைக்கச் சொன்னது, அதாவது 15 பிரேமுக்கு (அடுத்தடுத்த 15 படங்களுக்கு) குறைவாகத் தெரிந்த துகள்களின் தடங்களை நீக்கச் சொன்னது, நான்தான். காரணம் இருந்தது. அடுத்தடுத்த படங்களில் ஒரு துகளை இன்னொன்றாக எண்ணி மென்பொருள் இணைத்துவிடும். அப்படிப் பிறக்கும் போலித் தடங்கள் பெரும்பாலும் குட்டையானவை. இன்றும் அதைத்தான் செய்வேன் என்று நினைக்கிறேன்.

ஆனால் இளையவர் காகிதத்தில் போட்ட கணக்கு மறக்கவில்லை. துகள்களைப் படத்தில் தெரியவைக்கும், தாள்போல் மெல்லிய லேசர் ஒளித்தாளின் தடிமன் 1 மில்லிமீட்டர். நொடிக்கு 5,000 படங்கள். தாளுக்குக் குறுக்காக நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் பாயும் துகள் 2 மில்லிநொடியில் வெளியே போய்விடும்: 10 பிரேம். நொடிக்கு 10 சென்டிமீட்டர் நகரும் சோம்பேறிக்கு 50 பிரேம் கிடைக்கும். வடிகட்டியில் தப்புவது சோம்பேறிதான். எவ்வளவு தூரம் சிதறுகின்றன என்று அளக்கப் போய், ஓடுவதில் கெட்டிக்காரர்களைப் பட்டியலிலிருந்தே அடித்துவிட்டோமோ?

தாளுக்குக் குறுக்கான வேகம் வேறு, நாம் அளக்கும் பக்கவாட்டு வேகம் வேறு என்று வாதாடினேன். தவறான வாதமில்லை. "பக்கவாட்டில் வேகமாகப் போவதும் படச்சட்டத்தை விட்டு முன்னதாகவே வெளியேறுமே" என்றார். அதற்கு என்னிடம் உடனடி பதில் இல்லை. வடிகட்டாவிட்டால் மட்டும் என்ன? கோட்டின் தொடக்கத்தில் எல்லாத் துகள்களின் கூட்டமும் முடிவில் சோம்பேறிகளின் கூட்டமும் நிற்கும். தாளைத் தடிமனாக்கினால் படத்தில் துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து போலித் தடங்கள் பெருகும். துகள்களைக் குறைத்தால் சராசரி எடுக்கத் தரவு போதாது. இதையெல்லாம் அவரிடம் சொன்னேன், கொஞ்சம் உரத்த குரலில்.

கடைசியில் அறிக்கையில் இரண்டு கோடுகளையும் போட்டோம். வடிகட்டியதைத் தடித்த கோடாகவும் மற்றதைப் புள்ளிக்கோடாகவும் வரைந்தவன் நான்.