சதுப்பு நில மனைகளும் ஐம்பது ஆண்டுக் கணக்கும்

கடலோரச் சதுப்பில் வீட்டுமனைத் திட்டம் போடுவோர், நிலம் மலிவாகக் கிடைப்பதையே முதல் காரணமாகச் சொல்கிறார்கள். வாங்கும் விலை குறைவுதான். அதைக் கட்டத் தகுந்த நிலமாக்கும் செலவையும் சேர்த்தால்தான் உண்மை விலை தெரியும். நீர் ஊறிய களியின் மேல் மண்ணைக் கொட்டி உயர்த்தும்போது, அந்தப் பாரத்தால் களிக்குள் இருக்கும் நீர் மெல்ல வெளியேற, நிலம் பல ஆண்டுகளுக்கு அமுங்கிக்கொண்டே போகிறது. ஆழத்திலுள்ள உறுதியான மண்வரை இறக்கிய தூண்களாலான பைல் அடித்தளத்தில் வீடு அசையாமல் நிற்க, முற்றமும் சாலையும் இறங்குகின்றன. கடைசிப் படி தரையைத் தொடாமல் நிற்கிறது. கழிவுநீர்க் குழாய் சுவரை விட்டு வெளியேறும் இடத்திலேயே முறிகிறது. அதற்குள் கட்டியவர் விற்றுவிட்டுப் போயிருப்பார்.

என்னை மிகவும் உறுத்துவது இதுதான்: ஆதாயமும் செலவும் ஒரே கையில் சேர்வதில்லை. 50 ஆண்டுகள் கழித்து நேரும் 100 ரூபாய் இழப்பை, ஆண்டுக்கு 7 விழுக்காடு கூட்டு வட்டி வீதத்தில் கழித்து இன்றைய மதிப்பில் எழுதினால் 3 ரூபாய் 40 காசுதான் வரும். கணக்கில் பிழையில்லை. ஆனால் அப்போது அங்கே குடியிருப்பவருக்கு அது முழு நூறு ரூபாய்தான். சதுப்பு இலவசமாகச் செய்துவந்த வேலையும் இந்தக் கணக்கில் ஏறுவதில்லை. 2012 இல் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையைத் தாக்கிய சாண்டி புயலில், அங்குள்ள ஈரநிலங்கள் சுமார் 62.5 கோடி டாலர் வெள்ளச் சேதத்தைத் தடுத்தன என்று 2017 இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

எனவே, கட்டுவதானால் ஒட்டியுள்ள மேட்டு நிலத்தில் நெருக்கமாகக் கட்டிவிட்டு, சதுப்பில் எப்போதும் கட்டுவதில்லை என்ற நிரந்தர ஒப்பந்தத்தால் அதைக் காப்பதே எனக்கு நியாயமாகப் படுகிறது. மனைகளின் எண்ணிக்கை குறையும். ஆனால் சாலையின் நீளமும் குழாயின் நீளமும் குறைவதோடு, மறைக்கப்படாத நீர்வெளியைப் பார்த்த வீடுகளுக்குக் கூடுதல் விலையும் கிடைக்கக்கூடும். கடல்மட்டம் உயரும்போது சதுப்பு உள்நோக்கி நகர்வதற்கும் இடம் விட வேண்டும். சுவர் எழுப்பி அடைத்தால், கடலுக்கும் சுவருக்கும் நடுவே அது அழிந்துவிடும். வேறோர் இடத்தில் புதிய சதுப்பை உருவாக்கி ஈடுசெய்வதாகச் சொல்லும் திட்டங்களை நான் எளிதில் நம்புவதில்லை. செடிகள் சில ஆண்டுகளில் வளர்ந்துவிட்டாலும், அடிமண்ணில் கரிமம் சேரப் பல பத்தாண்டுகள் ஆகும். அனுமதி தரும்போதே பராமரிப்புக்கான வைப்புத்தொகையை மனைத் திட்டம் போடுபவரிடம் வாங்கி, நிலம் அமுங்குவது நிற்கும்வரை திருப்பித் தராமல் வைத்திருக்க வேண்டும்.